களப்பும் ஒலிப்பெட்டியும்

முல்லைத்தீவிலிருந்து தென்றிசை நோக்கிச் செல்லும் கரையோர வீதி சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்னும் ஊர்களைக் கடந்து நாயாற்றை அடைகின்றது. மேற்கே களப்பு; கிழக்கே கடல்; இரண்டையும் இணைப்பது தொடுவாய் என்று நம் மக்கள் வழங்கும் ஒடுங்கிய நீர்வழி. அவ்விடத்திலே சற்று நின்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். சில விநாடிக்கு ஒன்றாக வந்து கரையை மோதும் கடலலை, வாயிலின் மணற்றிட்டிலே நுரைத்து மடிந்துவிடும்; களப்பின் உள்நீர் அதனை அறிவதேயில்லை. நாளுக்கு இருமுறை மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வற்றுப்பெருக்கோ, தொடுவாய் திறந்திருக்குங் காலத்திலே உள்ளே புகுந்து களப்பின் மட்டத்தையும் அசைத்துவிடும். விரைந்த அசைவு வெளியே நிறுத்தப்படுகின்றது. மெதுவான அசைவு உள்ளே விடப்படுகின்றது. கோடையில் மணல் வாயை மூடிவிட்டாலோ, இரண்டுக்கும் வழியில்லை.

இதே நியதிதான் இன்று வான்களின் பின்னிருக்கைக்குக் கீழும் முச்சக்கர வண்டிகளின் முதுகுப்புறத்தும் வைக்கப்படும் மரப்பெட்டியினுள்ளே நிகழ்கின்றது. அங்கே நீருக்குப் பதில் காற்று. தொடுவாய்க்குப் பதில் ஒரு குழாய்.

இலக்கியப் பகுதியிலே வாகன ஒலிப்பெட்டிக்கு என்ன வேலை என்று தமிழாசிரியர் எவரேனும் வினவுவராயின், அவர்க்கு விடையாக ஒரு சொல்லை நினைவூட்டலாம்: பத்தர். யாழின் ஒலிக்கலத்திற்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர் அது. சங்கத்து ஆற்றுப்படைப் புலவர்கள் யாழைப் பாடும்போது இசையின் இனிமையை மட்டும் சொல்லி அமையவில்லை. பத்தரின் வடிவத்தையும், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோலையும், தோலைத் தைத்த ஆணியையும் தச்சன் கண்கொண்டு பார்த்துச் சொன்னார்கள். விஞ்ஞானம் பயின்ற விபுலாநந்த அடிகள் 1947 ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்நூலிலே நரம்பின் கணக்கைப் பௌதிக நூலார் நோக்கில் ஆராய்ந்தமையும் அந்த மரபின் தொடர்ச்சியே. நரம்பு தனியே அதிர்ந்தால் கொசுவின் ரீங்காரம். பத்தரோடு சேர்ந்தாற்றான் யாழ். ஒலிபெருக்கியின் கூம்பும் அவ்வாறே, தனக்கேற்ற பத்தர் இல்லாவிடின் பாதி ஊமை.

இன்று நம் வீதிகளில் இந்தப் பத்தர் எவ்வாறு ஒலிக்கின்றது? வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலுக்கு நாலா திசையிலிருந்தும் வரும் வாகனங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வண்டியிலே திரைப்பாடல், ஒன்றிலே பக்திப்பாடல், மற்றொன்றிலே பழைய கோவலன் கூத்தின் ஒலிப்பதிவு. பாட்டு வேறாயினும் அடியிலிருந்து எழும் ஓசை ஒன்றே: கும், கும், கும். கூத்து மத்தளத்தின் தொப்பிக்கும் மேலைநாட்டு இசைக்குழுவின் பெருமுரசுக்கும் இடையே எந்த வேற்றுமையும் அங்கே கேட்பதில்லை. பெட்டி தனக்குத் தெரிந்த ஒரே சுரத்தைப் பாடுகின்றது. பாட்டு அதற்குச் சாட்டு மாத்திரமே.

இது நாகரிகத்தைப் பற்றிய முறைப்பாடு அன்று. இளைஞர் உரத்துக் கேட்பதை வெறுக்கும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்லர். ஆனால், 2009 இல் முடிந்த போரின்போது தொலைவில் எழும் ஒவ்வொரு முழக்கத்தையும் கேட்டுத் திசையும் தூரமும் அறியப் பழகிய செவிகள் இந்தக் கரையிலே இன்னும் பல உண்டு. இரவிலே சுவரை ஊடுருவி வரும் காரணமற்ற ஒற்றை முழக்கம் அச்செவிகளுக்கு இசையாகப் படுமோ என்பதை நம் பிள்ளைகள் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும். தாழ்ந்த ஓசையைச் சுவர் தடுப்பதில்லை. விநாடிக்கு ஐம்பது முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீற்றர். கிடுகு வேலியும் ஒற்றைக்கல் மதிலும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இப்பிழை பெரும்பாலும் கணக்கில்லாமையால் வருவது. ஒருவருடைய பெட்டி நன்றாக ஒலித்தால் அதன் நீள அகலத்தை அளந்து, வேறொரு ஒலிபெருக்கிக்கு அதேபோல் இன்னொன்று செய்துவிடுகின்றனர். ஒருவருக்கு எழுதிய கண்ணாடியை மற்றவர் வாங்கி அணிவது போன்றது அது.

கணக்கு இல்லாமலும் கைவந்த சாதுரியம் நம்மவரிடம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. தொண்ணூறுகளிலே மின்சாரமும் உலர்மின்கலமும் அரிதாகிவிட்ட தடைக்காலத்தில், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டது வன்னியும் யாழ்ப்பாணமும். அந்தச் சிறு வானொலியிலே தாழ்ந்த ஓசை அறவே இல்லை. ஆயினும் பாட்டு பாட்டாகவே கேட்டது. மேற்சுரங்கள் வந்து சேர்ந்தால், வராத அடிச்சுரத்தைச் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்ளும் என்பது உளவியலார் நன்கறிந்த உண்மை. மண்பானையின் வாயிலே ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்து ‘பேஸ்’ கூட்டியவர்களை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் பலர் கண்டிருப்பர். பானைக்குக் கோணமில்லை, ஆதலால் அதன் சுவர் எளிதில் அதிராது. சுட்ட மண் கனமானது. பெட்டி செய்யும் கலையிலே அது ஒரு நல்ல தொடக்கமே.

பானை வாயின் இயல்பைக் கணக்கிலே பிடித்துத் தந்தவர் செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். இசையுணர்வு பற்றிய அவர் பெருநூல் 1863 இல் வெளிவந்தது. வெற்றுப் போத்தலின் வாயிலே ஊதினால் ஓர் ஓசை எழுகின்றது அன்றோ? கழுத்திலுள்ள சிறு காற்று ஒரு கட்டையாகவும், வயிற்றிலுள்ள பெருங்காற்று ஒரு வில்லாகவும் நின்று ஆடுவதால் எழும் ஓசை அது. வயிறு பெருத்தால் ஓசை தாழும். கழுத்து நீண்டால் தாழும். கழுத்து அகன்றால் ஏறும். களப்புக்கும் தொடுவாய்க்கும் இதே தொடர்புதான். துறைமுகங்களின் நீராட்டத்தை ஆராய்வோர் அவ்வாட்டத்தின் ஒரு வகைக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரையே இட்டு வழங்குகின்றனர்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் இந்தக் கழுத்தை ஒலிபெருக்கிப் பெட்டியிலே பொருத்தி 1932 இல் காப்புரிமை பெற்றார். பின்னர் முப்பது ஆண்டு காலம் குழாயின் நீளம் தச்சனின் ஊகமாகவே இருந்தது. அந்த ஊகத்தைக் கணிதமாக்கியவர் அவுஸ்திரேலியர் நெவில் தீல். 1961 இல் அவர் எழுதிய கட்டுரை, பெட்டியையும் ஒலிபெருக்கியையும் ஒரு மின்வடிகட்டியாகக் கருதிக் கணக்கிட்டது. சிட்னிப் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் சிமோல் எழுபதுகளிலே அப்பணியை விரித்தார். இன்று எந்த ஒலிபெருக்கியை வாங்கினாலும் அதனுடன் வரும் தாளிலே தீல், சிமோல் இருவர் பெயராலும் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். கடையிலிருந்து வந்தவுடன் நம்மவர் முதலில் எறிவது அந்தத் தாளைத்தான்.

நாம் பேச எடுத்துக்கொண்ட பெட்டி இன்னும் ஒருபடி நுட்பமானது. பாண்ட்பாஸ் பெட்டி என்று கடைகளிலே சொல்வர். ஒலியில் ஒரு பட்டையை மாத்திரம் கடத்திவிடும் பெட்டி என்பது பொருள். உள்ளே நடுவில் ஒரு பலகைச் சுவர், அதிலே ஒலிபெருக்கி. சுவருக்குப் பின்னுள்ள அறை காற்றுப் புகாதவாறு மூடப்பட்டது. முன்னுள்ள அறைக்கு ஒரு குழாய் வாயில். ஒலிபெருக்கி வெளியே தெரிவதில்லை. குழாயின் காற்றே வெளியுலகுக்குப் பாடுகின்றது. பின்னறையின் அடைபட்ட காற்று மிகத் தாழ்ந்த அசைவுகளை இறுகப் பிடித்து நிறுத்துகின்றது. முன்னறையும் குழாயும், நாயாற்றுத் தொடுவாயைப் போல, விரைந்த அசைவுகளை உள்ளே மடக்கிவிடுகின்றன. இடைப்பட்ட பட்டை மாத்திரம் வெளிவரும். ஆங்கிலேய நிறுவனமாகிய கெஃப்பின் பொறியியலாளர் லோரி பின்சம் 1979 இல் இதைப் பற்றி விளக்கினார். 1987 இல் போஸ் நிறுவனம் இத்தகைய பெட்டியை வீட்டு மூலையிலே ஒளித்துவைக்கும் சிறு வடிவிலே விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ், வங்கத்திலிருந்து ஆங்கில ஆட்சியை எதிர்த்து வெளியேறிய ஒருவரின் மகன்.

எனவே இது ஒலியைப் பெருக்கும் பெட்டி என்பதைவிட ஒலியைத் தெரிந்தெடுக்கும் பெட்டி என்பதே பொருந்தும். எதைத் தெரிந்தெடுப்பது என்பதைச் செய்பவர் தீர்மானியாவிட்டால், பெட்டியே தீர்மானித்துவிடும். வீதியிலே நாம் கேட்கும் கும் என்பது அந்தத் தீர்ப்புத்தான்.

க.பொ.த. உயர்தர மாணவன் ஒருவன் செய்யக்கூடிய கணக்கு இது; செய்தே பார்ப்போம். பத்து அங்குல ஒலிபெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாளிலே மூன்று எண்கள் வேண்டும். முதலாவது, பெட்டியின்றித் திறந்த வெளியில் அது தானாக அதிரும் மீடிறன்: 30 ஹேட்ஸ் எனக் கொள்வோம். இரண்டாவது, தொடங்கிய அதிர்வு எத்துணை விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண், அதாவது கியூரிஎஸ்: 0.45. மூன்றாவது, கூம்பின் தொங்கலுக்கு ஒப்பான வில்தன்மை உடைய காற்றின் கனவளவு: 50 லீற்றர்.

பின்னறையை அடைத்தவுடன் கூம்புக்கு இரண்டாவது வில் ஒன்று வந்து சேர்கின்றது. ஆதலால் மீடிறனும் அடங்கும் எண்ணும் ஒரே விகிதத்தில் ஏறும். அடங்கும் எண்ணை 0.8 ஆக உயர்த்துவோம் என்று தீர்மானிக்கின்றோம். 0.8 ஐ 0.45 ஆல் வகுக்க 1.78. அதன் வர்க்கம் 3.16, ஒன்றைக் கழிக்க 2.16, 50 ஐ இதனால் வகுத்தால் 23. பின்னறை 23 லீற்றர். மீடிறனும் 1.78 மடங்காகி 53 ஹேட்ஸில் நிற்கும். முன்னறையையும் குழாயையும் இதே 53 க்குச் சுருதி சேர்க்கவேண்டும். முன்னறைக்கு வழி: 0.45 ஐ 1.4 ஆற் பெருக்கி, வர்க்கமாக்கி, 50 ஆற் பெருக்குக. விடை 20 லீற்றர்.

இப்பெட்டி 34 ஹேட்ஸிலிருந்து 82 ஹேட்ஸ் வரை சமமாகப் பாடும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 53 வருவதைக் கணித ஆசிரியர் கவனித்திருப்பர். கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 இல் நிற்கின்றது. மேலைநாட்டுப் பெருவயலின் வகையின் மிகத் தாழ்ந்த தந்தி 41 இல். அவ்வளவும் உள்ளே அடக்கம். அத்துடன், அதே ஒலிபெருக்கியைச் சாதாரணமாக வைப்பதைவிட இரண்டு டெசிபெல் அளவு ஆதாயமும் உண்டு.

பட்டையை இன்னும் அகலமாக்கலாகாதா? ஆகும். முன்னறைக் கணக்கிலே 1.4 க்குப் பதிலாக 1 ஐ இடுங்கள். முன்னறை 10 லீற்றராகச் சுருங்கும். பட்டை 26 இலிருந்து 110 வரை விரியும். ஆனால் ஓசை ஆறு டெசிபெல் குறையும். பட்டையின் நடுவும் சற்றே மேடுபள்ளமாகும். ஆறு டெசிபெல்லை ஈடுசெய்ய ஒலிவிருத்தி நான்கு மடங்கு வலுவைத் தரவேண்டும். பணமும் மின்கலமும் அங்கே கரையும். மறுதலையாக, பட்டையை ஒடுக்கிக்கொண்டே போனால் ஓசை ஏறிக்கொண்டே வரும். ஈற்றில் ஒரே சுரம் மிஞ்சும். கடைத்தெருப் பெட்டிகள் பல இந்தத் திசையிலே ஓடுவதன் காரணம் விளங்குகின்றது: வாங்குவோர் அங்கே கேட்பது ஒரு நிமிடம், அந்த ஒரு நிமிடத்தில் வெல்வது முழக்கம். சிறிய பெட்டி, மிகத் தாழ்ந்த ஓசை, நிறைந்த வலு என்னும் மூன்றிலும் இரண்டையே பெறலாம் என்பதை ஒலித்துறையினர் ஹொப்மனின் இரும்பு விதி என்பர். ஒலிபெருக்கி செய்த கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரிலுள்ள கடைசி எழுத்து அந்த ஹொப்மனையே குறிக்கின்றது.

அடுத்தது குழாய். பத்து சென்ரிமீற்றர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய் என்றால், 20 லீற்றர் அறையை 53 க்குச் சுருதி சேர்க்க ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். அதனுள்ளே ஆடும் காற்றின் நிறை நான்கு கிராம், அவ்வளவுதான் பாடுகின்றது! ஏழரை சென்ரிமீற்றர்க் குழாயானால் 18 சென்ரிமீற்றர் போதும். ஒடுங்கிய குழாய் இடத்தைச் சேமிக்கும்; ஆனால் உரத்து ஒலிக்கும்போது காற்று புஸ்ஸென்று சீறும். பத்து சென்ரிமீற்றரே நல்லது. முன்னறையிலே அதை நேராக வைக்க இடமிராது; முழங்கை வளைவு ஒன்று வைக்கலாம், அல்லது பெட்டிக்கு வெளியே நீட்டலாம். குழாய் உள்ளே இருந்தால் அது அடைக்கும் மூன்று லீற்றரையும் அறையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

பார்த்துச் செய்வதன் தீமை இவ்விடத்திலேதான் நன்கு வெளிப்படும். அடுத்த வீட்டுக்காரர் பெட்டியிலே குழாய் 18 சென்ரிமீற்றர் என்று கண்டு, விட்டத்தைக் கவனியாமல் பத்து சென்ரிமீற்றர்க் குழாயை அதே நீளத்தில் வெட்டினால், சுருதி 53 இலிருந்து 69 க்குத் தாவிவிடும். சங்கீத மாணவர்க்குச் சொல்வதானால், சட்சத்தில் நிற்கவேண்டியது அந்தர காந்தாரத்தையும் தாண்டிவிடும். பின்னறை ஒரு சுருதி, முன்னறை ஒரு சுருதி. நாதசுரம் ஒரு கட்டையிலும் ஒத்து வேறொரு கட்டையிலும் நின்றால் கச்சேரி என்னாகும்?

இனி, இந்தப் பெட்டியின் ஒரு வஞ்சகத்தையும் சொல்லவேண்டும். சாதாரணப் பெட்டியிலே ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி வருத்தினால் அது கரகரக்கும். கேட்பவர் உடனே குறைத்துவிடுவார். அந்தக் கரகரப்பு முழுவதும் உயர்ந்த மீடிறன்களால் ஆனது. பாண்ட்பாஸ் பெட்டியோ உயர்ந்தவற்றை வெளியே விடுவதில்லையே! ஆகவே உள்ளே கூம்பு துன்புறுவதை வெளியிலிருப்பவர் அறியார். கம்பிச்சுருள் கருகிய மணம் வந்த பின்னரே தெரியும். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கும் இளைஞனுக்கு அது பல நாள் உழைப்பின் விலை. ஒலிவிருத்தியின் வலுவை ஒலிபெருக்கியின் அளவுக்குள் நிறுத்திவைத்தல் இந்தப் பெட்டிக்கு மற்றெதையும்விட அவசியம். 25 ஹேட்ஸுக்குக் கீழுள்ளவற்றை ஒலிவிருத்தியிலேயே வெட்டிவிடும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துக.

வான் வேறு, முச்சக்கர வண்டி வேறு என்பதையும் மறக்கலாகாது. கதவு கண்ணாடி அடைத்த வாகனத்தினுள், அலையின் பாதி நீளம் வாகனத்தின் உள்நீளத்தை மீறும்போது, தாழ்ந்த ஓசைகளுக்கு இயற்கையாகவே ஓர் ஏற்றம் கிடைக்கும். இரண்டே முக்கால் மீற்றர் நீளமான உள்வெளியில் ஏறக்குறைய 64 ஹேட்ஸிலிருந்து கீழ்நோக்கி இவ்வேற்றம் தொடங்கும். வானுக்குச் செய்யும் பெட்டி ஆகையால் அடியில் சற்று மெலிந்திருந்தாலும் வாகனம் கைகொடுக்கும். இருபுறமும் திறந்த முச்சக்கர வண்டியிலே அந்த உதவி இல்லை. வானிலே இனித்த பெட்டியை அங்கே மாற்றி வைத்துவிட்டு, ஓசை போதவில்லையென்று மேலும் மேலும் வலுவை ஏற்றுவது, முன்பு சொன்ன கருகலுக்கே வழி.

மத்தளத்தைப் பற்றி ஒரு சொல். மிருதங்கத்தின் வலந்தலையிலே பூசும் கருஞ்சோறு தோலின் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்தி இசைக்கு இணங்கச் செய்கின்றது என்பதைச் சேர். சி. வி. இராமன் 1920 இலும், விரிவாக 1934 இலும் எடுத்துக்காட்டினார். முழவின் முகத்தை நாம் அடையாளங்காண்பது அந்த மேற்சுரங்களால். அவை 82 ஹேட்ஸுக்கு மேலே வெகு உயரத்தில் உள்ளவை. நம் பெட்டி அவற்றைத் தொடவே தொடாது. ஆகவே முன்புறக் கதவிலுள்ள சிறு ஒலிபெருக்கிகள் அவற்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்; பெட்டி தொப்பியின் அடிநாதத்தை மாத்திரம் தாங்கவேண்டும். பெட்டி இருப்பதே தெரியாமல், அதை நிறுத்தியவுடன் மாத்திரம் ஏதோ குறைந்ததுபோல் தோன்றினால், ஓசை சரியாகப் பங்கிடப்பட்டிருக்கின்றது என்று கொள்ளலாம்.

பெட்டி செய்ய 18 மில்லிமீற்றர் பலகை போதும். மூட்டுகளிலே ஊசிமுனை அளவு கசிவும் ஆகாது, சிறப்பாகப் பின்னறையிலே. கணக்கிட்ட அளவெல்லாம் உள்ளளவு என்பதை ஓடாவியாரிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். குழாயை முதலிலே 38 சென்ரிமீற்றராக விட்டுவைக்கவேண்டும். கைத்தொலைபேசியிலிருந்து ஒவ்வொரு ஹேட்ஸாக ஒற்றைச் சுரங்களை அனுப்பி, ஒலிபெருக்கியின் கம்பியோடு தொடராக ஒரு தடையைச் சேர்த்து, ஒலிபெருக்கியின் முனைகளிலே வோல்ற்றளவை மல்ரிமீற்றரால் அளந்து தாளிலே குறித்து வந்தால் இரண்டு மேடுகளும் இடையே ஒரு பள்ளமும் தோன்றும். பள்ளம் நிற்குமிடமே குழாயின் சுருதி. 38 இல் அது 51 ஐ ஒட்டி நிற்கும். பின்பு ஒரு சென்ரிமீற்றர் வெட்டி மீண்டும் அளக்க, அரை ஹேட்ஸுக்குச் சற்று மேலாக ஏறியிருக்கும். மூன்று அல்லது நான்கு முறை வாள் வைத்தபின் பள்ளம் 53 க்கு வந்து சேரும். அதன்பின் குழாயைப் பசையிட்டு இறுக்கலாம்.